பிரைமர் அடித்த பன்றித்தோல்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகளில் வேலை செய்கிற அத்தனை பேரின் பயத்தையும் ஒரு லாரியில் ஏற்றி, ஓவன் அண்ணனின் பயத்தை இன்னொரு லாரியில் ஏற்றினால், அண்ணனின் லாரிதான் அச்சு முறிந்து நிற்கும்.

கார் கதவுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனியில், கதவுகளைச் சுடவைக்கும் பெரிய அடுப்பைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அந்த அடுப்புக்கு ஓவன் என்று பெயர்; அதுவே அவருக்கும் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேலை போய்விட்டது என்று நினைத்து எழுந்து நிற்பார். பல்லிக்குப் பயம், லிப்டுக்குப் பயம். சூப்பர்வைசர் தும்மினால் "சாரி சார்" என்பார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த லாட்ஜின் மொட்டைமாடி அறையில் நாங்கள் மூன்று பேர். அண்ணன், குடோன் ஒன்றில் வேலை பார்த்த தென்காசி செல்வம், ஒரு நாளிதழின் தாலுகா நிருபரான நான்.

அண்ணனின் பயங்களுக்கெல்லாம் தலைமை, அவருடைய மாமனார். உத்திரமேரூர் பக்கம் வேர்க்கடலை பயிரிடுபவர். கடலையைத் தின்ன வரும் காட்டுப்பன்றிகளை வலை கட்டிப் பிடிப்பார். பேச்சில் உத்தரவு மட்டும்தான் இருக்கும். 'மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் அனுப்புகிறேன்' என்று மகளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அண்ணி குரலை அண்ணன் போனில் மட்டும் கேட்டார், அதுவும் பின்னால் மாமனார் இருமாதபோது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன அண்ணன், உரச்சாக்கு ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி திரும்பி வந்தார். சாக்கு உள்ளே வந்ததும் செல்வம் வெளியே போனான்.

"என்னண்ணே, பொணத்தையா தூக்கிட்டு வந்திருக்கிய?"

"பன்னித்தோலுடா. காட்டுப்பன்னி. மாமா வேட்டையாடினது. கறிய ஊரே துண்ணாச்சாம். தோல எங்கையில குடுத்து, 'பதம் பண்ணி விரிப்பாக்கி வையி மாப்ள. பொங்கலுக்கு வந்து அதும்மேலதான் குந்துவேன். வரசொல்லோ பொண்ணையும் இட்டாறேன்'னாரு."

"விரிப்பு இல்லேன்னா?"

"பொண்ணு இல்ல."

காட்டுப்பன்றியை வேட்டையாடினாலும் சரி, அதன் தோலை வைத்திருந்தாலும் சரி, வனத்துறை வழக்குப் போடும், ஜெயிலுக்கும் போக நேரலாம் என்று சொன்னேன். அண்ணன் மெதுவாகச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தூக்கிப் போட்டுடுங்கண்ணே."

"மாமா கேப்பாரு சார்."

"வெச்சிருந்தா பாரஸ்ட்காரங்க புடிப்பாங்க."

"புடிப்பாங்க."

"அப்ப என்ன பண்றது?"

"ரெண்டு பேருக்கும் பயந்துகினு இருக்க வேண்டியதுதான்."

அன்றிலிருந்து அவர் கண்ணுக்குக் காக்கி நிறம் மட்டுமே தெரிந்தது. எங்கள் ஊரில் காக்கிக்குக் குறைவே இல்லை. ஆட்டோக்காரர், கம்பெனி பஸ் டிரைவர், கேட்டில் நிற்கும் காவலாளி எல்லோரும் காக்கிதான். அண்ணன் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து போனார். கேட்டில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னதும், "தோலு ரூம்ல கீது சார்" என்று தானாகவே சொல்லிவிட்டார். நல்லவேளையாக, அந்தப் பீகார்க்காரருக்குத் தமிழ் தெரியாது.

வாணியம்பாடி தோல் தொழிற்சாலைக்காரர் யாரிடமாவது கேட்கலாம் என்றேன். கேட்டால் விஷயம் வெளியே போய்விடுமே என்று பயந்தார். அதனால் தனக்குத் தெரிந்த ஒரே முறையைக் கையில் எடுத்தார். கார் கதவுக்கு என்ன செய்வாரோ அதையே பன்றிக்கும் செய்தார்.

கதவுக்கு முதலில் வெந்நீர்க் குளியல், பன்றிக்கும் வெந்நீர். கதவில் எண்ணெய்ப் பிசுக்கு போக மருந்து. பன்றிக்குப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு. பிறகு அலசல், மறுபடி அலசல். மொட்டைமாடியில் தகர டிரம்மை நிறுத்தி, கரி போட்டு, உள்ளே கம்பியில் தோலைத் தொங்கவிட்டு மூடினார். பயந்தாங்கொள்ளி அண்ணன் அந்த டிரம் முன்னால் நின்றபோது வேறு ஆள். முதுகு நிமிர்ந்திருந்தது, குரல் கனத்திருந்தது.

"செல்வம், கிட்ட வராத! ஓவன் ஓடிக்கினு கீது!"

கிளம்பிய வாசனை சந்து முனையைத் தாண்டியது. கீழே இருந்த பிரியாணிக் கடைக்குள் புதிதாகச் சிலர் நுழைந்து, "சுக்கா இருக்கா?" என்று கேட்டார்கள்.

மூடியைத் திறந்தபோது, மூன்று பேர் உட்காரக்கூடிய தோல் முறம் அளவுக்குச் சுருங்கி, பொரித்த அப்பளம்போல வளைந்திருந்தது. மயிர் கருகிப் போயிருந்தது. அண்ணன் விரலால் தட்டினார். டொக் என்றது.

"விரிப்புதான விரியணும்? இது விரியாது போலிருக்கேண்ணே" என்றான் செல்வம்.

மறுநாள் அண்ணன் அதற்குச் சாம்பல் நிறப் பிரைமர் அடித்தார். கதவில் பெயிண்டுக்கு முன்னால் அடிப்பார்களே, அதே பூச்சு. பயந்தவர் கை சும்மா இருக்காது.

அந்த வாரமே உத்திரமேரூர் பக்கம் பன்றி வேட்டைக்காரர்கள் சிலர் பிடிபட்டதாகத் தகவல் வந்தது. இரண்டு பத்தி எழுதி அனுப்பினேன். வழக்கமாக எழுதுவதுபோல, 'தலைமறைவான ஒருவரைத் தேடி வருகின்றனர்' என்று முடித்திருந்தேன். காலையில் அண்ணன் பேப்பரோடு என் பாயருகே உட்கார்ந்திருந்தார்.

"தேடி வருகின்றனர்னு போட்டுகிறியே சார், எங்க வருகின்றனர்?"

"அது சும்மா எழுதறதுண்ணே."

"அந்த ஒருத்தர் யாரு?"

"பேர் சொல்லலை."

அப்போது கதவு தட்டப்பட்டது. அண்ணன் தோலோடு கட்டிலுக்கு அடியில் போய்விட்டார். திறந்தால், வாசலில் முகத்தைத் துண்டால் மூடிய ஒரு பெரியவர்.

"மாப்ள இருக்காரா? நான் அவரு மாமன்."

தேடப்பட்டவர் அவர்தான். அண்ணன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து நடுங்கினார்கள்.

"தோலு எங்க மாப்ள? அது கெடச்சா நான் காலி."

அண்ணன் சாம்பல் நிற முறத்தை நீட்டினார். மாமனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மாப்ள இது?"

"உங்க பன்னி மாமா. கொஞ்சம் சூடு ஓவராயிடுச்சி. பொண்ண அனுப்ப மாட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க மாமா."

மாமனார் வாயைத் திறந்தார். உத்தரவு எதுவும் வரவில்லை. சாப்பிட்டு நாளாகிவிட்டதுபோல, செல்வம் கொடுத்த டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

மத்தியானம், மாமனாரின் ஊரில் விசாரித்துவிட்டு வனத்துறை ஜீப் சந்துக்குள் வந்தது. நிஜமான காக்கிகள் படியேறும் சத்தம். அண்ணன் மாமனாரைக் குளியலறைக்குள் தள்ளித் தாழ் போட்டார். பிறகு, என் வாழ்க்கையில் நான் பார்க்கவே மாட்டேன் என்று நினைத்த ஒன்றைச் செய்தார். தோலைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

"தோலு என்னுதுதான் சார். மாமாவுக்கு சம்பந்தம் இல்ல."

அதிகாரி அதை வாங்கினார். தட்டினார். டொக்.

"இதுவாய்யா பன்னித்தோல்? மேல என்ன இது?"

"பிரைமர் சார். டாப் கோட்டு இன்னும் அடிக்கல."

ஒரு வனக்காவலர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. "வேலை நிரந்தரமாகப் போகுதாமே உனக்கு? கேஸ்ல பேர் வந்தா என்ன ஆகும் தெரியுமா?" என்றார். அண்ணன் இடத்தைவிட்டு நகரவில்லை.

குளியலறைக் கதவு உள்ளேயிருந்து தட்டப்பட்டது.

"தொறடா செல்வம்" என்றது மாமனாரின் குரல். பழைய குரல். வெளியே வந்தார். "வேட்டையாடினது நான். தோல அவன் தலையில கட்டினதும் நான். மாப்ளய வுடுங்க சார்." அண்ணன் பக்கம் திரும்பினார். "பொங்கலுக்கெல்லாம் காத்துகினு இருக்காத. நாளைக்கே போயி அவள இட்டாந்துடு. குந்த ஒரு பாயி போதும்."

மாமனாரை ஜீப்பில் ஏற்றினார்கள். பின்னாலேயே அண்ணனும் ஏறி, காக்கிகளுக்கு நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உன்ன யாருய்யா ஏறச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். அவரு தனியா போனா பயப்படுவாரு."

செல்வத்தின் பைக்கில் நாங்களும் பின்னால் போனோம். வனத்துறை அலுவலக வாசலில் நிற்கும்போது பத்திரிகை ஆபீசிலிருந்து போன். பன்றி வேட்டையில் தலைமறைவான ஆள் சிக்கிவிட்டாராமே, உள்ளே போய்ப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றார்கள்.

"வேற யாரையாவது அனுப்புங்க சார்" என்றேன். "உள்ள இருக்கறது எங்க வீட்டு ஆளுங்க."