இலவசமாகக் கொடுக்கக் கூடாத வசதி

"காலையிலேர்ந்து நூத்தி நாப்பது பேர் என்னைத் திட்டியிருக்காங்க சார். அதுல முப்பது பேர் என் பதில் காதுல விழலைன்னு ரெண்டாவது தடவையும் திட்டினாங்க" என்றாள் புகார் மேடம்.

காதுக் கருவி தயாரிக்கும் கம்பெனியில் வாடிக்கையாளர் புகார்ப் பிரிவு அவளுடையது. அந்தக் கருவிக்குப் புது சாப்ட்வேர் வந்திருந்தது. அதை ஏற்றிக்கொண்டு பட்டனை இரண்டு முறை அழுத்தினால், சுற்றியிருக்கும் இரைச்சல் அடங்கி, பேசுகிறவர் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும். கட்டணம், இரண்டு காபி விலை. ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டிக் கருவி வாங்கியவர்கள், அந்த இரண்டு காபிக்குத்தான் கொதித்துப்போயிருந்தார்கள்.

"சும்மா குடுத்துட்டா என்ன சார்?"

கணக்கு சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கம்பெனியின் தலைமைக் கணக்காளர் அவர். கண்ணாடியைக் கழற்றினால் கால்மணி நேரம் பேசுவார் என்று அர்த்தம்.

"போன வருஷம் கருவி வித்தோம். வந்த பணம் முழுக்க போன வருஷ வருமானம்னு எழுதியாச்சு. இப்ப புது வசதியைச் சும்மா குடுத்தா ஆடிட்டர் என்ன கேப்பார்? அப்ப நீங்க போன வருஷம் பாதிக் கருவியைத்தானே வித்திருக்கீங்க, மீதியை இப்பதானே குடுக்கறீங்கன்னு கேப்பார். எழுதின வருமானத்தைப் பிச்சு மூணு வருஷத்துக்குப் பரப்பணும். நாலு காசு வாங்கிட்டா அது தனி வியாபாரம். விதிம்மா."

"முழுக் கருவின்னு நம்பி வாங்கினவங்களுக்கு இந்த விதியை நான் எப்படி சார் புரியவைப்பேன்?"

"சத்தமா சொல்லுங்க" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஒரு வாடிக்கையாளர். அவள் மாமனார், ஓய்வுபெற்ற நில அளவையாளர், அதே கருவியைத்தான் மாட்டியிருந்தார்.

"நிலத்தை அளந்து கல்லு நட்டுட்டு வந்தேன். நாலு மாசம் கழிச்சுப் போய், அந்தக் கல்லுக்குத் தனியா காசு குடுங்கன்னு கேட்டா, செருப்பைத் தூக்குவாங்களா மாட்டாங்களா?"

"தூக்குவாங்க மாமா."

"அப்ப உங்க கம்பெனிக்கு மட்டும் என்ன?"

எட்டு மணிக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால் டிவி ஒரு பக்கம், சண்டை போடும் அவளுடைய இரண்டு பெண்கள் ஒரு பக்கம். "எனக்குத் தட்டுச் சத்தம்தான் கேக்குது" என்று சொல்லிவிட்டு, மாமனார் தலையைக் குனிந்து சாப்பிடுவார். பார்க்கவே பாவமாக இருந்தது. மறுநாள் காலை அவர் குளிக்கப் போன சமயத்தில் தன் சொந்தப் பணத்தைக் கட்டிக் கருவியில் சாப்ட்வேரை ஏற்றிவிட்டாள்.

சொன்னதும் அவர் முகம் கறுத்துவிட்டது.

"என் கொள்கையை ரெண்டு காபிக்கு வித்துட்டியேம்மா."

அலுவலகத்தில் கணக்கு சார் முகம் அதைவிடக் கறுத்திருந்தது.

"ஊழியரே வாடிக்கையாளருக்காகக் கட்டினா, கம்பெனியே சும்மா குடுத்தது மாதிரிதான் தெரியும். ரத்து பண்ணிட்டேன். உங்க பணம் சாயங்காலம் திரும்ப வந்துடும்."

"என் பணம் சார். என் மாமனார் சார்."

"இருக்கட்டும். ஆனா ஆடிட்டர் உங்க மாமனார் இல்லையே."

அன்று மாலை, "ரத்து பண்ணிட்டாங்க மாமா" என்றாள். "ரொம்ப நல்லது" என்றார் அவர்.

புகார்கள் நாளுக்கு இருநூறைத் தாண்டின. கொஞ்சம் தணியட்டும் என்று, கட்டணத்தை ஒரு காபி விலையாகக் குறைக்கலாம் என்று யோசனை சொன்னாள். முதலாளி ஒத்துக்கொண்டார். அவ்வளவுதான், ஏற்கெனவே இரண்டு காபி விலை கட்டியவர்கள் ஒரு காபியைத் திருப்பிக் கேட்டு வரிசைகட்டி நின்றார்கள்.

ராத்திரி சாப்பாட்டின்போது கணவனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"கணக்கு சார் விதி விதின்னு குதிக்கிறாரே, போன வருஷம் பேட்டரி சீக்கிரம் தீராம இருக்க ஒரு சாப்ட்வேர் குடுத்தோம். சும்மாதான் குடுத்தோம். அப்ப எங்க போச்சு விதி? வியாழக்கிழமை ஆடிட்டர் வர்றார், அதுவரைக்கும் யாரும் இதைப் பத்தி மூச்சு விடக் கூடாதாம்."

"மெதுவா பேசு. அப்பா இருக்கார்."

"இந்த இரைச்சல்ல மாமாவுக்கு எங்க கேக்கப்போகுது?"

மாமனார் தட்டைப் பார்த்தபடி நிதானமாக மென்றுகொண்டிருந்தார்.

புதன்கிழமை முதலாளிக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. காதுக் கருவி உபயோகிப்போர் சங்கம் என்று தலைப்பு, முன்னூற்றுச் சொச்சம் கையெழுத்து. 'சென்ற ஆண்டு பேட்டரிக்கான மென்பொருளை இலவசமாக வழங்கியபோது இந்த விதி எங்கே போயிருந்தது? நாளை வரும் தணிக்கையாளரிடம் கேட்க எண்ணியுள்ளோம்.'

முதலாளி கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"உள்ள இருந்துதான் யாரோ சொல்லியிருக்காங்க."

எல்லோரும் புகார் மேடத்தைப் பார்த்தார்கள். அவள் கைபேசியை வாங்கி, வந்த அழைப்பு போன அழைப்பு எல்லாவற்றையும் துருவினார்கள். ஒன்றும் சிக்கவில்லை.

"பதினோரு வருஷம் சார். ஊரார் வசவையெல்லாம் உங்களுக்காக நான் வாங்கியிருக்கேன். ஒரு வாடிக்கையாளர்கிட்ட ஒரு ரகசியம் சொல்லியிருப்பேனா?" கேட்கும்போதே குரல் உடைந்தது.

அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னைத் திருடி மாதிரி நிக்க வெச்சுட்டாங்க. நியாயம் கேக்கறவங்களைப் பார்த்து நம்ம முதலாளிக்குப் பயமில்லை. பேப்பர்ல வந்துடுமோன்னுதான் பயம்" என்று கணவனிடம் பொருமினாள்.

மறுநாள் காலை, ஆடிட்டர் வருவதற்கு முன்பே, ஆள் மூலம் அடுத்த கடிதம் வந்தது. இரண்டே வரி. நகல்: நான்கு நாளிதழ் ஆசிரியர்களுக்கு.

முதலாளி அன்று மாலையே பணிந்துவிட்டார். வசதி எல்லோருக்கும் இலவசம், கட்டியவர்களுக்குப் பணம் வாபஸ். கணக்கு சார் போன வருஷ வருமானத்தைப் பிய்த்து மூன்று வருஷத்துக்குப் பரப்பினார். பரப்பியதில் லாபம் காணாமல் போய், கம்பெனி முழுக்க இந்த வருஷ போனஸும் போயிற்று. காண்டீனில் புகார் மேடம் உட்கார்ந்த மேஜையில் வேறு யாரும் உட்காரவில்லை.

இவ்வளவு பட்டதற்கு வீட்டுக்காவது பிரயோஜனம் இருக்கட்டும் என்று மாமனாரிடம் கருவியைக் கேட்டாள்.

"எனக்கு என்னம்மா அவசரம்? ஊருக்கெல்லாம் போட்டு முடிங்க. கடைசியா எனக்குப் போட்டா போதும்."

இப்படி ஒரு மனிதரா என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் அவர் குளிக்கும்போது கருவியை எடுத்துக்கொண்டு நேராகக் கம்பெனி சோதனைக்கூடத்துக்குப் போனாள். அங்கே இருந்த சாப்ட்வேர் பெண் அதை வாங்கிக் கணினியில் மாட்டினாள்.

"இதுல ஏற்கெனவே இருக்கே மேடம்."

"இல்லம்மா. அன்னிக்கே கணக்கு சார் ரத்து பண்ணிட்டார்."

"அவர் காசைத்தான் திருப்பிக் குடுத்தார். ஏத்தினதை இறக்கறதுக்கு நாங்க வழியே எழுதலை." திரையில் வரிசையாக ஏதோ ஓடியது. அந்தப் பெண் அதைப் படித்துவிட்டுத் திருப்தியாகச் சிரித்தாள்.

"இவ்வளவு ஒழுங்கா உபயோகிக்கிறவரை நான் பார்த்ததே இல்லை மேடம். தினமும் எட்டு மணிக்கு டாண்ணு ஆன் பண்றார், ஒன்பதுக்கு ஆஃப் பண்ணிடறார். அந்த நேரத்துல உங்க வீட்ல அப்படி யார் மேடம் பேசுவாங்க?"