அசல் சாரும் மூன்று படிகளும்

பழைய தெருவில் குடியிருப்பவர்கள் இரண்டு வகை. முதல் வகையினர் அங்கேயே பிறந்து, வேறு போக்கிடம் இல்லாமல் அங்கேயே இருந்து, மழை வந்தால் எந்த மூலையில் வாளி வைக்க வேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பவர்கள். அவர்கள் சாதாரண மனிதர்கள், விட்டுவிடுவோம். இரண்டாவது வகை, ஆறு வருஷத்துக்கு முன்னால் சாமான் லாரியோடு வந்து இறங்கி, ஏழாவது மாதமே தெருவின் இருநூறு வருஷச் சரித்திரத்துக்கும் தானே வாரிசு என்று அறிவித்துவிடும் பிறவி. நாம் பார்க்கப்போவது இந்தப் பிறவியைத்தான். கொஞ்சம் தள்ளி நின்றே பாருங்கள். கிட்டே போனால் உங்கள் வீட்டு வாசற்கதவின் வயதைக் கேட்பார்.

தெருவில் அவருக்கு அசல் சார் என்று பெயர். அவராக வைத்துக்கொண்டதல்ல, தினமும் நாற்பது தடவை ‘அசல்’ என்ற வார்த்தையைச் சொன்னதற்குத் தெரு கொடுத்த பட்டம். அந்தப் பூட்டு அசல், இந்த ஓடு அசல் இல்லை, அந்த ஜன்னல் அசலாக இருந்தது, பாவி பச்சை பெயிண்ட் அடித்துக் கெடுத்துவிட்டான் என்று போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போவார். அவருடைய வீடு? வெளிச்சுவர் சத்தியமாக அசல். உள்ளே போனால் கண்ணாடித் தடுப்புப் போட்ட குளியலறை, பொத்தானை அமுக்கினால் திறக்கும் சமையலறை அலமாரி, அறைக்கு ஒரு ஏசி. ஏசியின் வெளிப்பெட்டி தெருவுக்குத் தெரியாமலிருக்க அதற்கு ஒரு மரக்கூண்டு செய்து, மரம் பழசாகத் தெரிய வேண்டும் என்று தச்சரை விட்டுச் சங்கிலியால் அடிக்கச் சொன்னார். தச்சர் இரண்டு நாள் அடித்தார். முன் ஜன்னலின் கீல் மட்டும் நிஜமாகவே பழசு. அது மூடாது. அவருடைய மனைவி ஆறு வருஷமாக அதைப் பழைய துப்பட்டாவால் கட்டிவைக்கிறாள். “என்னங்க, கீலை மட்டுமாவது மாத்துங்களேன்” என்று கேட்டுக் கேட்டு, இப்போது கேட்பதையே விட்டுவிட்டாள்.

ஊரின் நடுக் கடைவீதி அங்கிருந்து பத்து நிமிஷ நடை. இதை அவர் எல்லோரிடமும் சொல்வார். நடந்து போனதை மட்டும் யாரும் பார்த்ததில்லை. காரில் போய், நிறுத்த இடம் தேடி அரைமணி நேரம் சுற்றிவிட்டு, இந்த ஊரில் கார்கள் பெருத்துவிட்டன என்று அலுத்துக்கொண்டு திரும்புவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு ஒரு சடங்கு உண்டு. வெளியாட்கள் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு தெருவைச் சுற்றிக் காட்டுவார். அதில் உச்சகட்டம், எதிர்வீட்டுத் தையல்காரரின் வாசல். மூன்று உயரமான கருங்கல் படிகள். நடுப்படியில் ஒரு பள்ளம். அசல் சார் குரலைத் தாழ்த்துவார். “இருநூறு வருஷம். எத்தனை தலைமுறைக் கால்கள் பட்டுத் தேஞ்ச பள்ளம் இது. செருப்பைக் கழட்டிட்டுத் தொட்டுப் பாருங்க.” தொட்டுப் பார்த்தவர்களில் ஒரு பெண்மணி ஒருமுறை கண்கலங்கிவிட்டாள். அன்று முழுவதும் அசல் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்தப் படிகளில்தான் வினை வந்தது. தையல்காரரின் மனைவி மழைநாளில் அதே நடுப்படியில் சறுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வந்தவளை இரண்டு பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள். அதோடு சரி. ஐந்து மாதமாக அவளுக்கு உலகம் என்றால் ஒரு ஜன்னல். மருத்துவரிடம் போவதென்றால் தூக்குவதற்கு ஆள் பிடிக்க வேண்டும். கடைவீதியில் தானே நூலும் பொத்தானும் பொறுக்கி வாங்கிய மனுஷி, புருஷன் கொண்டுவந்த தப்பான நீலத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்தாள். அந்த மௌனத்தைத்தான் தையல்காரரால் தாங்க முடியவில்லை. படிகளை எடுத்துவிட்டுச் சரிவாகத் தளம் போட அனுமதி வேண்டும் என்று தெருக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தார்.

எழுதிக் கொடுக்காமல் முடியாது. தெருவைப் பார்த்த பக்கத்தில் எதை மாற்றினாலும் கமிட்டியின் சம்மதம் வேண்டும். மாற்றினால் அசல் வடிவத்துக்கு மட்டுமே மாற்ற வேண்டும் என்று அசல் சார்தான் விதி எழுதி, நகரசபையில் முத்திரையும் வாங்கி வைத்திருந்தார். சைக்கிள் கடைக்காரர் பிளாஸ்டிக் பலகையை இறக்கிவிட்டு, யாராலும் படிக்க முடியாத சுருள் எழுத்தில் மரப்பலகை மாட்டியது அந்த விதியால்தான். இப்போது அவரிடம் ரொட்டி இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

கமிட்டி கூடியது. அசல் சாருக்கு ஈரமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மனுவைப் படித்தபோது அவருக்கு நிஜமாகவே நெஞ்சு கனத்தது. பாவம், படிகள்! தையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, அக்காவின் கஷ்டம் தனக்குத் தெரியாதா, தன் சொந்த அக்கா மாதிரி அல்லவா என்று உருகினார். பின்கட்டு வழியாகப் போகலாமே என்றார். பின்கட்டில் சாக்கடை இருப்பதைத் தையல்காரர் சொன்னார். வேண்டுமானால் தூக்குவதற்குத் தன்னார்வலர்கள் பட்டியல் ஒன்று போடலாம் என்றார் அசல் சார். ஒரு மனுஷி ஜன்னலடியில் கிடக்க, பட்டியல் போடுகிறாராம்! கடைசியில் எழுந்து நின்று தீர்ப்பைச் சொன்னார்: “மனுஷங்க இன்னிக்கு இருப்போம், நாளைக்குப் போவோம். இந்தக் கல்லு நிக்கணும்.”

நாலு பேர் கைதட்டினார்கள்.

அப்போது தையல்காரர் கூட்டிவந்திருந்த கொத்தனார் எழுந்தார். வேலைக்கு அளவு சொல்லத்தான் அவரை அழைத்து வந்திருந்தது. எந்தக் கல்லைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. “கல்லா? அது சிமெண்டு சார். கருப்புப் பொடி கலந்து நான்தான் போட்டேன். முப்பது வருஷம் இருக்கும்.”

அசல் சார் பொறுமையாகச் சிரித்தார். படிப்பில்லாதவர்களிடம் சிரிக்கும் சிரிப்பு. அப்படியானால் நடுப்படியில் தேய்ந்திருக்கிறதே, அந்தப் பள்ளம் எப்படி வந்தது என்று கேட்டார்.

கொத்தனார் தையல்காரரைத் திரும்பிப் பார்த்தார். தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “காயறதுக்குள்ள மிதிக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இவரு மிதிச்சுட்டாரு.”

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். ஞாயிறுதோறும் ஜனம் தொட்டுப் பார்த்துப் போகும்போது, அது தன் கால்தடம் என்று சொல்லத் தையல்காரருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. கொத்தனார் விடவில்லை. அந்த வீடு முன்பு துணிக் கிடங்காக இருந்தது, கைவண்டி ஏறுவதற்கு வாசலில் சரிவுதான் இருந்தது, அதை உடைத்தவரும் தான்தான், வேண்டுமானால் தோண்டிப் பார்க்கலாம், அடியில் பழைய கல் பாவியிருக்கும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சைக்கிள் கடைக்காரர் மெதுவாக விதிப் புத்தகத்தை எடுத்து, ‘அசல் வடிவத்துக்கு மட்டுமே’ என்ற வரியை உரக்கப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

நம்மைப் போன்றவர்களாக இருந்தால் அன்றே வீட்டைக் காலி செய்திருப்போம். இந்த வகை அப்படிச் செய்யாது. அசல் சார் அன்று ஒரு வேளை சாப்பிடவில்லை, அவ்வளவுதான். மறுநாள் காலையில், தெருவின் தொலைந்துபோன கைவண்டிச் சரிவைத் தாம் கண்டுபிடித்துவிட்டதாகப் பத்திரிகைக்காரருக்கு போன் செய்தார். போலிப் படிகளை உடைத்தபோது பக்கத்தில் நின்று, “நான் அப்பவே சொன்னேன்” என்றார். யாரிடம் சொன்னார், எப்போது சொன்னார் என்று கேட்காதீர்கள்.

அடியில் கிடைத்த பழைய கல்லை வைத்தே சரிவு தயாரானதும் திறப்பு விழா வைத்தார். வாசலுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். நகரசபை அதிகாரி ஒருவர், ஒலிபெருக்கி, முப்பது நாற்காலி. ரிப்பனுக்கு அந்தப்பக்கம், வாசற்கதவுக்கு உள்ளே, சக்கர நாற்காலியில் தையல்காரரின் மனைவி புதுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை மேடைக்கு யாரும் கூப்பிடவில்லை. அவள் நிகழ்ச்சி நிரலில் இல்லை. அசல் சார் சரிவின் நடுவில் நின்று, முதுகை அவளுக்குக் காட்டிக்கொண்டு, கைவண்டிகளின் காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இருபது நிமிஷம் ஆயிற்று. நாற்பது ஆயிற்று. இந்த அரிய தளத்தின் மேல் இனி யாரும் நடக்காதபடி சுற்றிலும் சங்கிலி போட்டுப் பாதுகாக்கவிருப்பதாக அறிவித்தார்.

அவருக்குப் பின்னால் ‘நறுக்’ என்று ஒரு சத்தம். புருஷனின் பெரிய துணிக் கத்தரியைப் பையில் போட்டுவிட்டு அவள் சக்கரத்தைத் தள்ளினாள்.

“கொஞ்சம் நகருங்க தம்பி. கடை சாத்திடுவாங்க.”

அவர் நகர்ந்தார். அவள் சரிவில் இறங்கி, முப்பது நாற்காலியையும் தாண்டி, கடைவீதிப் பக்கம் திரும்பினாள். ஏழு மாதத்தில் முதல்தடவை. தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அசல் சார் குனிந்து, சக்கரம் பட்டுக் கல்லில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் தெரு புதுத் தெரு, உங்களுக்கு விதி எழுதும் பழக்கமெல்லாம் கிடையாது என்பது தெரியும். ஆனால் உங்கள் கட்டிடத்துக் கூட்டத்தில் யாரோ ஒருவர் மாடிப்படியில் ஒரு கைப்பிடி கேட்டாரே, நீங்கள்கூட, சுவரின் அழகு போய்விடும், அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று சொன்னீர்களே, அந்த அடுத்த கூட்டம் என்றைக்கு?