ஒன்பதாவது மாடியும் முன்னுரிமை வரிசையும்

“நம்ம வீட்டையே காணோம்!” என்று லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினார் புரோகிராமர்.

“வீடு இங்கேயேதான் இருக்கு. ஒன்பதாவது மாடியில, ஓடாத லிஃப்டோட!” என்றாள் மனைவி.

அவள் தலைவாரி, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது காலில் முட்டிவரை மாவுக்கட்டு. பிற்பகல் மூன்று மணிக்குப் பள்ளியில் நேர்முகத் தேர்வு. தலைமையாசிரியை பதவி. போன தடவை அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள் அதைத் தட்டிக்கொண்டு போனாள். இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான் என்று அவளே சொல்லிவிட்டாள்.

லிஃப்ட் காலையிலேயே மக்கர் செய்துவிட்டது. அதைப் பழுது பார்க்கும் கம்பெனியில்தான் நம் புரோகிராமருக்கு வேலை. எந்த லிஃப்டை முதலில் சரிசெய்வது என்று மெக்கானிக்கின் செல்போனுக்குச் சொல்லும் புரோகிராமே அவர் எழுதியதுதான். அதற்கு ‘முன்னுரிமை வரிசை’ என்று பெயர். முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பதெல்லாம் அங்கே செல்லாது. ஒவ்வொரு புகாருக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. மதிப்பெண் அதிகமானது மேலே மிதக்கும், மெக்கானிக் அங்கே போவார். காலையில் முதல் ஆளாகப் புகாரைப் பதிந்துவிட்டு, “ஒரு மணி நேரத்துல ஆள் வந்துடுவான் பாரு” என்று மார்தட்டியிருந்தார். இப்போது பட்டியலில் வீட்டையே காணோம்.

“மெக்கானிக்குக்கு ஒரு போன் போட வேண்டியதுதானே?”

போட்டார். நம்பர் கேட்டு ஆபீசுக்குத்தான். புகார் வாங்கும் பெண் எடுத்தாள்.

“நம்பர் தர முடியாது சார். சிபாரிசு கூடாது, எல்லாம் புரோகிராம் வழியாத்தான் போகணும்னு நீங்கதானே ஆர்டர் போட வச்சீங்க?”

போனை மேஜைமேல் அடித்து வைத்தார். புகாரை மறுபடியும் பதிந்தார். புரோகிராம் பழைய புகாரை ரத்துசெய்துவிட்டுப் புதியதை ஏற்றுக்கொண்டது. லிஃப்டுக்குள் யாரும் மாட்டிக்கொள்ளவில்லை என்பதால் மதிப்பெண் குறைவு. கடைசி இடத்தில் போய் உட்கார்ந்தது.

“கடைசியா? கட்டின பொண்டாட்டிக்கு நீங்க எழுதின வரிசையில கடைசி இடமா?” அவள் குரல் அடுத்த மாடிக்குக் கேட்டிருக்கும்.

“இரு, இரு! காத்திருக்கிற நேரத்துக்கும் மதிப்பெண் குடுத்துடறேன். நாம காலைலேருந்து காத்திருக்கோம்ல?”

விதியை மாற்றினார். நாம் மட்டுமா காத்திருக்கிறோம்? ஏதோ ஒரு துணிக்கடைக்காரர், லிஃப்டில் மணியோசை சரியில்லை என்று போன வருஷம் கொடுத்து எல்லோரும் மறந்துபோன புகார் ஒன்று அடியிலிருந்து எழும்பி முதலிடத்தில் உட்கார்ந்தது. மெக்கானிக் மணியடிக்கப் போய்விட்டார்.

“அறிவிருக்கா உங்களுக்கு?” என்றாள் மனைவி. பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வியாகத் தெரியவில்லை.

புரோகிராமருக்கு ரத்தம் கொதித்தது. வீட்டில் காலில் மாவுக்கட்டுப் போட்டவர் இருந்தால் பெரிய மதிப்பெண் என்று இன்னொரு விதியைச் சேர்த்தார். வீடு கிடுகிடுவென்று மேலே வந்தது. அப்பாடா என்று நிமிர்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் மறுபடியும் சரசரவென்று கீழே போனது. ஆபீசைக் கூப்பிட்டார்.

“என்னம்மா நடக்குது அங்க?”

“புது கேள்வி வந்திருக்கு சார், ‘யாருக்காவது கால்ல கட்டு உண்டா’ன்னு. கேட்டா எல்லாரும் உண்டுங்கறாங்க. ஒருத்தர் வீட்டுல ஆறு பேருக்குக் கட்டாம்!”

“பொய் சொல்றாங்கம்மா!”

“நான் நேர்ல போயா சார் காலைத் தூக்கிப் பாக்க முடியும்?” அவள் வைத்துவிட்டாள்.

மணி இரண்டைத் தாண்டியது. மனைவி கைக்கடிகாரத்தைக் கழற்றி லேப்டாப்பின்மேல் வைத்தாள். அவள் திட்டியிருந்தாலே தேவலை என்று பட்டது புரோகிராமருக்கு. நியாயம், தர்மம், கம்பெனி விதி எல்லாவற்றையும் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, யார் எங்கே செத்தாலும் என் வீடுதான் முதலில் என்று நேரடியாகவே எழுதினார். வீடு உச்சிக்குப் போனது.

“வந்தாச்சு! முதலிடம்! இப்ப பாரு…”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, பட்டியலிலிருந்து வீடு மறைந்தது.

“மறுபடியும் காணோம்! சனியனே, முழுங்கிட்டியா?” கோபம் வந்தால் அவருக்குக் கண் தெரியாது. புரோகிராமையே நிறுத்தி, எல்லாப் புகாரையும் புதிதாகக் கணக்குப் போட வைத்து, முதலிலிருந்து ஓட விட்டார். அது அரை மணி நேரமாக நிதானமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

“போதும். என்னைத் தூக்குங்க” என்றாள் மனைவி.

எதிர்வீட்டில் உடற்பயிற்சிக் கூடம் நடத்துபவர் ஒருவர் இருந்தார். அவர் நாற்காலியின் முன்பக்கத்தையும் புரோகிராமர் பின்பக்கத்தையும் பிடித்துக்கொண்டார்கள்.

“அண்ணே, உங்க பக்கம் சாயுது!”

“சாயலப்பா, என் கைதான் வழுக்குது!”

“நான் விழுந்தேன்னா ரெண்டு பேரையும் சும்மா விடமாட்டேன்” என்று நாற்காலி சொன்னது. அதாவது அதில் இருந்தவள்.

மூச்சு வாங்கி, திருப்பங்களில் சுவரோடு மோதி, மாடிக்கு மாடி இறக்கிவைத்து இறங்கினார்கள். மூன்றாவது மாடிக்கு வந்தபோது மணி மூன்றரை; அவள் போன் ஒலித்தது. பேசியது பள்ளி எழுத்தர். எல்லோரையும் பார்த்தாகிவிட்டதாம், நேரத்துக்கு வந்த இன்னொரு ஆசிரியைக்குப் பதவி முடிவாகிவிட்டதாம். அவள் போனைப் பைக்குள் வைத்து, ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியதைத் துடைக்கவில்லை.

“திரும்ப மேலயா அக்கா?” என்றார் எதிர்வீட்டுக்காரர் பரிதாபமாக.

“கீழயே போங்க. கொஞ்சம் காத்து வாங்கணும்.”

தரைத்தளத்தில் லிஃப்ட் கதவருகே, கம்பெனிச் சட்டையோடு ஒரு ஆள் கருவிப் பையின்மேல் உட்கார்ந்து பீடி புகைத்துக்கொண்டிருந்தார். மெக்கானிக்! புரோகிராமர் நாற்காலியை அப்படியே விட்டுவிட்டுப் பாய்ந்தார்.

“ஏன்யா, மனசாட்சி இருக்கா உனக்கு? காலைலேருந்து எங்கய்யா தொலைஞ்சே? உன்னால என் பொண்டாட்டியோட பதவி போச்சு! இங்க ஒய்யாரமா உக்காந்து புகை விடுறியா?”

மெக்கானிக் எழுந்து பீடியைக் காலில் நசுக்கினார். அவருக்கும் கோபம் குறைவாக இல்லை.

“காலையில எனக்கு வந்த மொத வேலையே உங்க லிஃப்டுதான் சார்; ரெண்டு தடவை வந்து, வேலையை எடுத்துக்கிட்டேன்னு பட்டியல்லேருந்து தூக்கினேன்; ரெண்டு தடவையும் மூடியைக் கழட்டினதும் ‘வேலையை விடு, வேற இடத்துக்குப் போ’ன்னு செல்போன் கத்துச்சு.” அவர் நாற்காலியில் இருந்தவள் பக்கம் திரும்பினார். “ எங்கயோ உக்காந்து வரிசையைக் கலைச்சுக்கிட்டே இருக்கானே ஒரு புண்ணியவான், அவன் யாருன்னு உங்களுக்காவது தெரியுமாம்மா?”