கை கழுவும் ஐந்து நிலைகள்

மருத்துவமனையில் வேலை செய்கிறவர்கள் கை கழுவ வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அந்த மருத்துவமனையிலும் கிடையாது. டாக்டர்கள் ஒத்துக்கொண்டார்கள், நர்சுகள் ஒத்துக்கொண்டார்கள், நிர்வாகம் சுற்றறிக்கை விட்டு ஒத்துக்கொண்டது. ஆனாலும் ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தவர்களில் பலருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்தது. எனவே ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு கூடி, டீ குடித்து, ஆழ்ந்து ஆராய்ந்து, வார்டில் யாரும் ஒழுங்காகக் கை கழுவுவதில்லை என்ற உண்மையைக் கண்டுபிடித்தது.

ஏன் கழுவுவதில்லை என்று கேட்டிருந்தால் வார்டு வாசலில் படுத்திருக்கும் பூனைகூடச் சொல்லியிருக்கும். வார்டுக் குழாயில் தண்ணீர் வராது. சுவருக்குள்ளே பைப் உடைந்து மாதக்கணக்காகிறது. ஆபரேஷன் தியேட்டருக்கு வேறு லைன், அங்கே தண்ணீர் கொட்டும். வார்டுக் குழாயைத் திருகினால் இருமும், அவ்வளவுதான். சரி, கையில் தேய்த்துக்கொள்ளும் மருந்தாவது இருக்கிறதா என்றால், ஸ்டோரில் பெட்டி பெட்டியாக இருந்தது. வெளியே வைத்தால் தீர்ந்துவிடுகிறது என்பதால் ஸ்டோர் கீப்பர் அதைப் பூட்டி வைத்திருந்தார்.

வார்டின் தலைமை நர்ஸை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் குழுவின் முன் எழுந்து நின்றாள்.

"வார்டுல தண்ணி வரல சார்."

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சிஸ்டர், நாங்க இங்க காரணத்தைப் பத்திப் பேசிட்டிருக்கோம். நீங்க குறை சொல்லாதீங்க."

பெரிய சிஸ்டர் உட்காரவில்லை. அவளுக்கு அவசரம் இருந்தது. அவள் மாமியாருக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் என்று முடிவானதும், தனியார் மருத்துவமனையில் சேர்க்கலாம் என்று ஓரகத்தி ஒற்றைக்காலில் நின்றாள். மாமியார் யோசிக்கவே இல்லை. "என் மருமக வேலை பாக்கிற இடம் இருக்கும்போது நான் எதுக்கு வேற எங்கயோ போய்ப் படுக்கணும்?" என்றுவிட்டார். கூடியிருந்த சொந்தபந்தத்துக்கு முன்னால் பெரிய சிஸ்டரும், "அத்தையை நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

மாமியார் மேல் அவளுக்கு உண்மையிலேயே பாசம் உண்டு. அவள் நைட் டியூட்டி பார்த்த வருஷங்களில் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான். இதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் எதை வைத்துச் சண்டை போடுவது?

"அம்மாவுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா..." என்று அன்று ராத்திரி ஆரம்பித்தார் வீட்டுக்காரர்.

"ஆச்சுன்னா?"

"இல்ல, அண்ணி என்ன சொல்வாங்கன்னு யோசிச்சேன்."

அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். மாமியார் வார்டுக்கு வருவதற்குள் எப்படியாவது குழாயில் தண்ணீர் வரவழைத்துவிட வேண்டும்.

நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. பிளம்பரை அழைப்பதற்குப் பதிலாக ஒரு நடத்தை மாற்ற ஆலோசகரை அழைத்தது. இஸ்திரி கலையாத சட்டையும் புன்னகையுமாக வந்து இறங்கினார். வெள்ளைப் பலகையில் ஒரு படிக்கட்டு வரைந்தார்.

"மனுஷன் திடீர்னு மாறமாட்டான். படிப்படியாத்தான் மாறுவான். எண்ணா நிலை, எண்ணும் நிலை, ஆயத்த நிலை, செயல் நிலை, தக்கவைக்கும் நிலை. கை கழுவறதைப் பத்தி நினைக்கவே மாட்டேங்கிறவர் முதல் படி. என்ன நடந்தாலும் பழக்கத்தை விடமாட்டேங்கிறவர் கடைசிப் படி. நீங்க எந்த நிலை சிஸ்டர்?"

"குழாயடியில நிக்கிற நிலை சார். தண்ணி வரல."

"அருமை. அதைத் தடையுணர்வுன்னு சொல்வோம்" என்று குறித்துக்கொண்டார். அன்றிலிருந்து வார்டில் அவருக்கு நிலை சார் என்று பெயர் விழுந்தது.

நிலைக்கு ஒரு நிறத்தில் பேட்ஜ் கொடுத்தார்கள். பேட்ஜ் வந்ததும் ஊழியர்களுக்குப் புதுத்தெம்பு பிறந்தது. கேன்டீனில் சாப்பிட்டாச்சா என்று கேட்பது போய், "என்ன நிலை?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எக்ஸ்ரே எடுப்பவர் தன் பச்சைப் பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டே பெண் பார்க்கப் போனார். செயல் நிலை மாப்பிள்ளை என்று பெண் வீட்டில் மரியாதையாக இருந்ததாம். சர்ஜன் மட்டும் படியேற மறுத்தார். "நான் எண்ணா நிலைதான். படிப்பு முடிச்சதுலேர்ந்து நான் எதையும் எண்ணினதில்ல" என்றார். அவருடைய அனுபவத்தை மதித்து அவருக்கென்று தனியாக ஒரு பேட்ஜ் செய்தார்கள், தங்க நிறத்தில்.

பெரிய சிஸ்டர் நிலை சாரைத் தாழ்வாரத்தில் மடக்கினாள்.

"சார், நம்ம பிளம்பரை வரச் சொன்னா போதும். எத்தனை தடவை சொல்லியும் வரமாட்டேங்கிறார்."

நிலை சாரின் முகம் மலர்ந்தது. "பிளம்பர் வராததும் ஒரு நடத்தைதானே? மாத்திடலாம்."

சொன்னபடி பிளம்பரைப் பிடித்து வந்து பயிற்சியில் உட்கார வைத்தார். பிளம்பர் முதல் நாள் தூங்கினார். அடுத்த நாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். பயிற்சி முடியும் தறுவாயில் எழுந்து, தான் இத்தனை காலம் எண்ணா நிலையில் கிடந்து வாழ்க்கையை வீணடித்துவிட்டதாகத் தழுதழுத்துப் பேசினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அதற்குப் பிறகு அவர் குழாயைத் தொடவில்லை. வேறு மருத்துவமனைகளுக்குப் போய் மனமாற்றம் பற்றிப் பேசத் தொடங்கினார். நல்ல கூட்டமாம்.

இனி இவர்களை நம்பிப் பயனில்லை என்று பெரிய சிஸ்டர் ஒரு வாளியும் மக்கும் கொண்டுவந்து குழாயடியில் வைத்தாள். தியேட்டரிலிருந்து தண்ணீர் பிடித்து நிரப்பினாள். நர்சுகள் வரிசையாக வந்து கழுவினார்கள். அப்போது பார்த்து நிலை சார் வந்தார்.

"இது என்ன சிஸ்டர்?"

"வாளி சார்."

"அது தெரியுது. ஏன் இங்க இருக்கு?"

"இதுல தண்ணி இருக்கு சார்."

நிலை சார் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "தண்ணி இருந்தா யார் வேணும்னாலும் கழுவிடுவாங்களே. அதுல மனமாற்றம் எங்க இருக்கு? தண்ணியை நம்பி இருக்கிற பழக்கம், தண்ணி நின்னா தானும் நின்னுடும். நாம உருவாக்க வேண்டியது எதையும் நம்பி இல்லாத பழக்கம்."

"அப்ப எதால சார் கழுவறது?"

"முதல்ல அசைவு வரட்டும். தண்ணி பின்னால வரும்."

வாளி அப்புறப்படுத்தப்பட்டது. மறுநாள் முதல் வார்டில் எல்லோரும் குழாய் முன் நின்று அசைவு பழகினார்கள். உள்ளங்கையை உள்ளங்கையோடு தேய்க்க வேண்டும். பிறகு புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண். கடைசியில் இல்லாத தண்ணீரை உதற வேண்டும். பக்கத்தில் ஒருவர் அட்டையோடு நின்று மதிப்பெண் போட்டார். தண்ணீர் இல்லாததால் வேலை சீக்கிரம் முடிந்தது, கை வறளவில்லை, சட்டைக்கை நனையவில்லை. கழுவாமல் இருப்பதற்கு யாருக்கும் ஒரு சாக்கும் இல்லாமல் போயிற்று. சர்ஜன்கூட ரவுண்ட்ஸ் போகிற போக்கில் பேன்ட் பைக்குள்ளேயே கையைத் தேய்த்துக்கொண்டார். வார்டின் மதிப்பெண் ஏறியது, ஏறியது, நூறில் போய் நின்றது.

"சீழ் குறையல சார்" என்றாள் பெரிய சிஸ்டர்.

"அது விளைவு சிஸ்டர். நம்ம துறை நடத்தை."

இந்த லட்சணத்தில் மாமியார் ஆபரேஷன் ஆகி வார்டுக்கு வந்துவிட்டார். குழாய்க்கு நேர் எதிர்க் கட்டில். பெரிய சிஸ்டர் வாயை மூடிக்கொண்டு ஒரு காரியம் செய்தாள். பெட்ஷீட் அடுக்கும் அறையில், கதவுக்குப் பின்னால், வாளியை ஒளித்து வைத்தாள். ஒவ்வொரு முறையும் அங்கே போய் சோப்புப் போட்டு நிஜமாகக் கழுவுவாள். பிறகு அட்டைக்காரருக்காகக் குழாய் முன் நின்று அசைவையும் செய்வாள். அசைவு செய்யாவிட்டால் மதிப்பெண் குறையும், மதிப்பெண் குறைந்தால் வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள், மாற்றிவிட்டால் மாமியாருக்குக் கட்டுப்போட வருகிற கை எந்தக் கையோ.

எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்கிறவள் அவள். அசைவையும் அப்படித்தான் செய்தாள். நகக்கண்ணை அவள் தேய்க்கிற அழகைப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவள் தலையிலேயே கட்டினார்கள். காலையும் மாலையும் குழாய் முன் நின்று காற்றைக் கழுவிக் காட்டினாள். மாமியார் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமும் என்னடி கூத்து இது?"

"பயிற்சி அத்தை. பேசாம படுங்க."

"பரதநாட்டியம்னு நினைச்சேன்" என்று மாமியார் திரும்பிப் படுத்தார். காயம் நன்றாக ஆறிவந்தது. பக்கத்துக் கட்டில்களில் ஆறவில்லை. அங்கேயும் ஓடி ஓடித் தன்னால் ஆனதைச் செய்தாள், ஆனால் ஒருத்தி எத்தனை கட்டிலுக்குத்தான் ஓடுவாள்?

இதற்கிடையே நூறு மதிப்பெண் செய்தி மேலிடத்துக்குப் போய், விருது கொடுக்க ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. கண்காணிப்பாளருக்கு வியர்த்துவிட்டது. வருகிறவர்கள் குழாய் முன் கை கழுவுவதுபோல் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், படத்தில் தண்ணீர் தெரியாவிட்டால் நன்றாக இருக்காது. நம் பிளம்பர் வெளியூரில் சொற்பொழிவில் இருந்ததால் தெருமுனையிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் சுவரை உடைத்தார், பைப்பை மாற்றினார், சுவரைப் பூசினார், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டார்.

வார்டுக் குழாயில் தண்ணீர் கொட்டியது. பெரிய சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. நேராகப் பெட்ஷீட் அறைக்குப் போய், ஒளித்து வைத்த வாளியைக் கவிழ்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். இனி அதற்கு வேலையில்லை.

மறுநாள் மாமியாருக்குத் தையல் பிரிக்கும் நாள். விருதுக் குழுவும் அன்றைக்கே வந்து சேர்ந்தது. ஓரகத்தியும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, குற்றம் கண்டுபிடிக்க வசதியாகக் கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். குழாய் திறந்துவிடப்பட்டிருந்தது. நர்சுகள் ஒவ்வொருவராக வந்து, விழுகிற தண்ணீருக்கு ஒரு சாண் தள்ளி நின்று, அசைவைச் செய்து, உதறிவிட்டு நகர்ந்தார்கள். பெரிய சிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அறிவு இருக்கா உங்களுக்கு? தண்ணிதான் வருதே, கையை நீட்டினா என்ன?"

"நீட்டினா நனையுது சிஸ்டர்" என்றாள் ஒரு நர்ஸ்.

தலையில் அடித்துக்கொண்டு அவர்களை விலக்கிவிட்டு, பெரிய சிஸ்டர் தானே குழாய் முன் போய் நின்றாள். பிறகு கத்தரிக்கோலும் பஞ்சும் வைத்த தட்டை எடுத்துக்கொண்டு மாமியாரின் கட்டிலுக்கு வந்தாள். கட்டைப் பிரிக்கக் கையை நீட்டினாள். மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கை கழுவினியா?"

"உங்க கண்ணு முன்னாலதானே அத்தை கழுவினேன்."

மாமியார் அவள் உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "அப்பளம் மாதிரி காஞ்சு கிடக்கு."

பெரிய சிஸ்டர் தன் கைகளைப் பார்த்தாள். ஒரு பொட்டு ஈரம் இல்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, அவள் ஒரு சாண் தள்ளி நின்று திருத்தமாகக் காற்றைக் கழுவிவிட்டு வந்திருக்கிறாள். வாளி முன் நின்றிருந்தால் கை தானாகக் கழுவியிருக்கும். குழாய் முன் அதற்குத் தெரிந்தது இதுதான். இந்தக் கையாலா அத்தையைத் தொட இருந்தோம் என்று நினைத்ததும் தட்டைக் கீழே வைத்தாள்.

நிலை சாருக்கோ மயிர்க்கூச்செறிந்தது. குழுவின் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா சார்? தண்ணி வந்தும் நடத்தை மாறல. தக்கவைக்கும் நிலைன்னா இதுதான்."

குழு கைதட்டியது. பெரிய சிஸ்டர் யாரையும் பார்க்காமல் போய்க் குழாய்க்கு அடியில் இரண்டு கையையும் நீட்டி, முழங்கைவரை சோப்புப் போட்டு, அழுதுகொண்டே கழுவினாள். நீலப்புடவை முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. கைதட்டல் நின்றது. நிலை சார் வருத்தத்தோடு அவள் பேட்ஜைக் கழற்றிக்கொண்டு, அட்டையில் "பின்னடைவு" என்று எழுதினார்.

தையல் பிரித்தாயிற்று. காயம் சுத்தமாக ஆறியிருந்தது. ஓரகத்தி குனிந்து நிமிர்ந்து எவ்வளவோ தேடியும் ஒரு குற்றமும் கிடைக்கவில்லை.

"எனக்குத் தெரியும்டி, நீ பாத்துக்குவேன்னு" என்றார் மாமியார். முதல் தடவையாக அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. பெரிய சிஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். இந்த வார்டில் ஏமாறாத கண் இந்த ஒரு ஜோடிதான் என்று நினைத்தாள்.

ஓரகத்தி ஆரஞ்சை உரித்து நீட்டினாள். மாமியார் அதை வாங்கவில்லை. "இரு, கைய கழுவிக்கறேன்" என்றவர், கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து உள்ளங்கையை உள்ளங்கையோடு தேய்த்தார். புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று எல்லாம் முறைப்படி முடித்தார். இரண்டு கையையும் காற்றில் உதறினார். பிறகு ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.