தந்திக் காக்காவுக்கு வராத பெயர்

கல்முனைக்குடியில் தந்திக் காக்காவைப் போல ஞாபகசக்தி உள்ள மனிதர் இதுவரை பிறக்கவில்லை. எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன். பறவையைத் தேட வேண்டாம். வீடு வீடாகத் தந்தி கொண்டுபோன தபால் பியோன் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பல வருடங்களாகியும், எந்த வீட்டு மகன் கட்டாரிலிருந்து கடிதம் போட்டான், எந்த வீட்டுச் சேவல் தன் சைக்கிளை விரட்டியது என்று ஒழுங்கை ஒழுங்கையாக, ஒரு சந்து விடாமல் சொல்வார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் கிளினிக்கிலிருந்து முகம் வெளிறி வந்தார். ஞாபகத்தைச் சோதிக்க டொக்டர் கேட்டதற்கெல்லாம் மணிமணியாகப் பதில் சொன்னவர், மனைவியின் பெயரைக் கேட்டதும் திருதிருவென்று விழித்திருக்கிறார்.

“வாயில வரல்ல தம்பி. காலம் பூரா ‘மகள்ட உம்மா’ எண்டுதானே கூப்பிட்ட. மகள்ட உம்மாக்குப் பேர் வேற இரிக்கெண்டு ஆரு நினைச்ச?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. அவருடைய மூத்த காக்கா கடைசிக் காலத்தில் தன் சொந்த வாசலில் நின்று, இது ஆருடைய வீடு என்று கேட்டவர். தானும் அந்த வழியில்தான் போகிறோமோ என்று பயந்துவிட்டார்.

நடக்க வேண்டும், சீனியைக் குறைக்க வேண்டும், நாலு பேருடன் கதைக்க வேண்டும், புதிதாக ஏதாவது படிக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். காக்காவுக்கு அது தந்தி. உடனே சேர்க்க வேண்டியது. அன்றே வீட்டுச் சீனிப் போத்தலை அயல்வீட்டுக்குக் கொடுத்தார். பேத்தியின் சிங்களப் புத்தகத்தைப் படித்துவிட்டு மீன்காரனிடம் சிங்களத்தில் கதைத்தார். அவன் ஒன்றும் விளங்காமல் ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டான்.

சுபஹு தொழுகை முடிந்ததும் கடற்கரையில் நடை. துணைக்கு நான். கடல் எது, வானம் எது என்று பிரியாத அந்த மங்கல் வெளிச்சத்தில் நுரை காலைத் தொட்டுத் தொட்டுப் போகும். ஊருக்குள் சொல்ல வெட்கப்பட்ட பெயரை, நிக்காஹ் கடுதாசியில் பார்த்துப் பாடமாக்கிக்கொண்டு, காக்கா கடலிடம் சத்தமாகச் சொல்வார்.

“ஜெமீலா உம்மா...”

கரைவலை இழுத்த ஒருவர் கயிற்றை விட்டுவிட்டு வந்தார். “காக்கா, அந்தப் பேர்ல ஆர்ட தோணி? இன்னும் கரைக்கு வரல்லயா?”

“வரும்,” என்றார் காக்கா.

வலைக்காரரும் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். எனக்கும் தூரத்தில் ஒரு தோணி மெல்ல ஆடி ஆடி வருவதாகவே இருந்தது.

அடுத்த கிளினிக்குக்கு மனைவியும் வந்தார். டொக்டர் கேட்கும் முன்பே காக்கா எழுந்து நின்று, “ஜெமீலா உம்மா” என்றார். மனைவி திரும்பிப் பின்னாலிருந்தவர்களைப் பார்த்தார்.

“ஆரக் கூப்பிடுறீங்க?”

“உன்னத்தான் புள்ள.”

அவர் முக்காட்டை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார். டொக்டர் சிரித்தார். “நீங்க மறக்கல்ல வாப்பா. சொல்லிப் பழகல்ல, அவ்வளவுதான். ஆனா நடக்கிறத விட்டுராதீங்க.”

விடவில்லை. இப்போது மனைவியும் நாலடி பின்னால் நடக்கிறார். காக்கா கடலைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார். பின்னாலிருந்து மெதுவாக “ஓம்” என்று பதில் வருகிறது. அந்த ஓமைக் கேட்காத நாளில் எனக்கு விடிந்ததாகவே தோன்றுவதில்லை.