பின்னத்தில் குடியிருந்த அண்ணன் தம்பி

கதை விடுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அதையே பாடமாக நடத்துகிறவர் கதைவாத்தியார். பார்த்திருப்பீர்களே? புத்தகத்தைத் திறக்கும் முன்பே தொண்டையைச் செருமி, கண்ணை உருட்டி, "ஒரு ஊர்ல..." என்று ஆரம்பிப்பாரே, அவரேதான். கதைவழிக் கற்பித்தல் என்று ஏதோ பயிற்சிக்குப் போய் வந்தவர். போகும்போது மனுஷனாகத்தான் போனார்!

பத்து பெரண்டாம் என்கிற எங்கள் ஊர்ப்பக்கம் பிள்ளைகளுக்கு வாய்த்தவர் திவாகர் சார். அறிவியல் என்றால் இலைக்கும் சூரியனுக்கும் கல்யாணம். மலாய் இலக்கணம் என்றால் வினைச்சொல்லுக்கு மாமியார் கொடுமை. கதை சொல்லவேண்டிய நன்னெறிப் பாடத்தில் மட்டும் பக்கம் பக்கமாகப் பயிற்சி எழுதச் சொல்வார். ஏன் என்று கேட்டுவிட முடியுமா? அதற்கும் ஒரு கதை வைத்திருப்பார்.

அப்போதுதான் பின்னம் வந்தது. மேலே இருக்கிற எண் தொகுதி, கீழே இருப்பது பகுதி. அவ்வளவுதானே சங்கதி? சாருக்குப் போதுமா! தொகுதி அண்ணனாம், மேல்மாடி. பகுதி தம்பியாம், கீழ்மாடி. அண்ணன் வீட்டுப் பைப் ஒழுகித் தம்பி தலையில் சொட்ட, தம்பி பெண்டாட்டி துடைப்பத்தோடு மாடியேற, அண்ணன் அழ, தம்பி அழ, கடைசியில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்ள, வகுப்பே குலுங்கிக் குலுங்கி அழுதது. வாசலில் நின்ற தலைமையாசிரியரும் மூக்கை உறிஞ்சினார். மணி அடித்துவிட்டது.

அந்த வகுப்புத் தேவிஸ்ரீக்குக் கணக்கு என்றாலே காய்ச்சல். அடுத்த சோதனையில் கோட்டைவிட்டால் தோழிகளைப் பிரிந்து குறைநீக்கல் வகுப்புக்குப் போகவேண்டும். அம்மா மோகனா, ஃபேக்டரியிலிருந்து வந்த கையோடு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தாள்.

"மேல நாலு, கீழ எட்டு. சுருக்கணும், வெட்டுலா."

"அண்ணனையா?" பிள்ளை பென்சிலைக் கீழே போட்டாள்.

"யாருடி அண்ணன்? ரெண்டையும் நாலால வெட்டு!"

"தம்பியையும் சேத்தா? அய்யோ, பாவம்மா! நான் மாட்டேன்!"

சோதனையில் ஒரு பிள்ளைகூட வெட்டவில்லை. சுருக்கு என்று கேட்ட ஒவ்வொரு பின்னத்துக்கும் பக்கத்தில் தேவிஸ்ரீ குண்டு குண்டாக எழுதியிருந்தாள்: 'இருவரும் நலம்.'

மோகனா பள்ளிக்கு ஓடினாள். சார் விடைத்தாளைக் கையில் ஏந்திக் கண்கலங்கி நின்றார்.

"பாத்தீங்களாம்மா, கதை எவ்வளவு ஆழமா இறங்கியிருக்கு!"

"கணக்கு இறங்கலியே சார்! எம் பிள்ளை குறைநீக்கல் வகுப்புக்குல்ல போவுது!"

"கவலையே படாதீங்கம்மா. அந்த வகுப்பையும் நான்தான் எடுக்கிறேன்."

மோகனா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சார் தொண்டையைச் செருமினார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நேற்று 'மணி என்ன?' என்று உங்கள் மகள் கேட்டாளே, நீங்கள் எந்த வருஷத்துக் கதையிலிருந்து ஆரம்பித்தீர்கள்?