அட்மின் வேலையிலிருந்து விடுவிக்கச் சொல்லி மகனுக்கு

திருவெள்ளறை,
வெள்ளிக்கிழமை, பூவெடுத்து முடிந்த பிறகு.

பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் என் மகன் நவநீதனுக்கு, உன் அப்பா வீரமலை ரொம்ப யோசித்து எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் நலம் என்று எழுதப் போய்ப் பேனாவை நிறுத்திவிட்டேன். உன் அம்மா போன பிறகு 'நாங்கள்' என்று எழுத வீட்டில் ஆள் ஏது? அந்த நேரம் பார்த்துக் கொட்டகையில் எருமை கத்தியது. ஆகவே நாங்கள் நலம். நீயும் மருமகளும் பேத்தியும் நலமாயிருக்க மலைமேல் நிற்கும் பெருமாள் துணை.

போன் இருக்கையில் கடிதம் எதற்கு என்பாய். கூப்பிட்டால், 'மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன்' என்று எழுத்து வருகிறது. அந்த அப்புறம் இன்னும் பெங்களூரை விட்டுக் கிளம்பவில்லை. வாட்ஸப்பில் எதைச் சொன்னாலும் ஒரு கட்டைவிரல் அனுப்புகிறாய். கிணத்து மோட்டார் எரிந்துபோச்சு என்றேன், கட்டைவிரல். எனக்குக் காய்ச்சல் என்றேன், அதுக்கும் கட்டைவிரல். தபாலுக்குக் கட்டைவிரல் அனுப்ப முடியாது பாரு, அதான்.

விஷயம் அந்த அட்மின் வேலை. நம்ம ஊரு பூ விவசாயிங்க கம்பெனிக்கு நீதான் லீவுல வந்தப்ப செல்போன்ல எல்லாம் பண்ணிக் குடுத்தே. ஆளாளுக்கு ஒரு பேரு, ஒரு பாஸ்வேர்டு. காலையில எத்தனை கிலோ பூன்னு அதுல போட்டாத்தான் ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டுக்குப் போற வேன்ல இடம். இந்தப் பேரெல்லாம் எங்கப்பா இருக்குன்னு கேட்டேன், மேகத்துலன்னே. இங்க மழைக்கே மேகத்தைக் காணோம், அதுல நம்ம ஊரு ஜனத்தையும் ஏத்தி வச்சுட்டே. மறந்துபோறவங்களுக்கு பாஸ்வேர்டு மாத்திக் குடுக்க உள்ளூர்ல ஒரு ஆளு வேணும், அப்பா சும்மாதானே இருக்காருன்னு என்னை அட்மின் ஆக்கிட்டு பஸ் ஏறிட்டே. பேரைத் தொடு, சாவிப் படத்தைத் தொடு, நீலத்தை அமுக்கு. மூணாங்கிளாஸோட நின்னவனுக்கு அது போதும். ஆனா கூடவே ரெண்டு சட்டம் போட்டே பாரு. ஒண்ணு, கேக்கறது அந்த ஆளேதானான்னு குடும்பத்துல ஒருத்தர் பேரைக் கேட்டு உறுதி பண்ணிக்கணும். ரெண்டு, புதுசா வர்ற தற்காலிகப் பாஸ்வேர்டை மெசேஜ்ல அனுப்பவே கூடாது, வாயாலதான் சொல்லணும். அந்த ரெண்டு சட்டத்துலதான் நான் சீரழியறேன்.

முதல்ல வந்தது மேலத்தெரு வள்ளிக்கண்ணு. அது நம்ம ஊருக்கு வாக்கப்பட்டு வந்த அன்னைக்கு மாட்டுவண்டி ஓட்டினவனே நான்தான். வழியில ஒரு மாடு படுத்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேன்னு, முகூர்த்தம் தப்பிப்போயி... அது வேற கதை. ஆளு தெரிஞ்சாலும் சட்டம் சட்டம்தானே? "வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"ன்னேன்.

"என்ன மாமா, தெரியாத மாதிரி கேக்குறீங்க?"

"நான் கேக்கலம்மா. மேகம் கேக்குது."

"ஸ்ரீரங்கத்துல படுத்திருக்காரு மாமா."

"ஐயையோ, எந்த ஆஸ்பத்திரியில?"

"சாமியச் சொல்றேன் மாமா! காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல, பாம்பு மேல!"

அதுக்குப் பக்கத்துலயே ரங்கநாதன் நிக்கறான், கையில பூக்கூடையோட. "அடியே, நான்தான் நிக்கறேனே, நானே சொல்லிடறேன்"கிறான். சம்பந்தப்பட்டவங்கதான் சொல்லணும்னு நான் கறாரா இருந்தேன். "புருஷன் பேரைச் சொன்னா ஆயுசு குறையும் மாமா, பூ வாடினா வாடட்டும்"னு அது அழ ஆரம்பிச்சுடுச்சு. கடைசியில தரையில விரலால எழுதிக் காட்டுச்சு. ரங்கநாதன் அதைக் கால்ல மிதிச்சுட்டான், தன் பேரையே. அதுக்கு ஒரு சண்டை.

அந்த பாஸ்வேர்டு எழுத்துங்களை வாயால சொல்றது இருக்கே, அது அடுத்த கூத்து. பாதி எழுத்துக்குப் பேரே தெரியல. நானா பேரு வச்சிருக்கேன். சுருண்டு படுத்த நாய்க்குட்டி ஒண்ணு, நாலு கோடு போட்ட கயித்துக்கட்டில் ஒண்ணு, பாம்பைக் கம்பால குத்தி நிறுத்தினது ஒண்ணு. ஊரு முழுக்க இப்ப அதான் பேரு. நம்ம சவரிநாதன், எடமலைப்பட்டி புதூர்ல மக வீட்டுக்குப் போறவரு, பஸ்ல இருந்தே போன் போட்டாரு. நான் சொல்லச் சொல்ல அவரு சத்தமா திருப்பிச் சொல்றாரு. "நாய்க்குட்டியா? ரெண்டு நாய்க்குட்டியா?" கண்டக்டர் வந்துட்டாரு. "பெரியவரே, நாய்க்குட்டியெல்லாம் பஸ்ல ஏத்தக்கூடாது, எங்க வச்சிருக்கீங்க?" இவரு, "அது போன்ல இருக்குங்க"ங்கிறாரு. பக்கத்து சீட்டு அம்மா, "இல்லைங்க, நாய்க்குட்டிக்கு முன்னாடி ஒம்போது சொன்னாரு, நீங்க விட்டுட்டீங்க"ன்னு திருத்துது. பஸ்ஸுக்கே தெரிஞ்சுபோச்சுன்னு மறுபடி முதல்ல இருந்து மாத்தினேன்.

இதெல்லாம் முடிஞ்சு, ஆளு உள்ள போனதும் அவங்களே வேற பாஸ்வேர்டு வச்சுக்கணுமாம். அது எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாதுன்னே. அது நியாயம். நம்ம ஊரு நாலு வாசல் கிணறு மாதிரி, ஒரு வாசல்ல குளிக்கறவங்க அடுத்த வாசலுக்குத் தெரியக்கூடாது. ஆனா பிச்சமுத்துக்கு இது பிடிபடல. "மச்சான், நீ குடுத்ததே போதுமே, எதுக்கு மாத்தணும்?"ங்கிறான். "அது பொண்ணு பாக்கப் போட்டுட்டுப் போற இரவல் சட்டைடா, ஒரு தடவைதான்"னேன். சரின்னு உக்காந்தவன் திடீர்னு காலண்டரைப் பாத்து, "ராகுகாலத்துல புதுசு எதுவும் வைக்கறதில்ல"ன்னுட்டான். ராகுகாலம் போற வரைக்கும் டீ குடிச்சான், முறுக்கு தின்னான், அரியமங்கலம் பட்டறையில வேலை பாக்கற மகன் பேசறதே இல்லைன்னு மூக்கைச் சிந்தினான். நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன். ராகுகாலம் போச்சு, பாத்தா அந்த தற்காலிகமும் காலாவதி. மறுபடி நீலத்தை அமுக்கு. அப்புறம் பாத்தா அன்னைக்கு அஷ்டமியாம். நாளைக்கு வரேன்னு போயிட்டான். மறுநாள் வந்தான், நவமி. அதுக்கும் டீ.

இப்ப நீ மெசேஜ் அனுப்பியிருக்கே, வர்ற மாசத்துல இருந்து செல்ஃப் ரீசெட் போட்டுடறேன், அவங்கவங்க போனுக்கு நம்பர் வரும், அவங்கவங்களே மாத்திக்குவாங்க, உனக்குத் தொந்தரவு இருக்காதுன்னு. ரொம்ப நல்ல காரியம். உடனே செய்யி. டீத்தூள் நிக்கறதில்ல. இருக்கற டம்ளர் பத்தல. உங்கம்மா காரியத்துக்கு அப்புறம் நம்ம வாசல்ல இத்தனை செருப்பு கிடந்ததே இல்ல. பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போச்சு. அதுக்கு முன்னாடி எருமைகிட்ட மட்டும் பேசினதால தொண்டைக்குப் பழக்கம் விட்டுப்போச்சு போல. வயசான காலத்துல ஒரு மனுஷனை நிம்மதியா இருக்க விடுங்கப்பா. ஆகையால் என்னை இந்த அட்மின் உத்தியோகத்திலிருந்து சீக்கிரம் விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பேத்திக்கு என் முத்தம். மருமகளுக்கு ஆசீர்வாதம். நீ வெயிலில் அலையாதே. ஏசியிலேயே இருப்பதால் அதையும் குறைத்துக்கொள். நூறு வருஷம் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பா,
வீரமலை, அட்மின்.

பின்குறிப்பு: மேலே எழுதினதெல்லாம் அடிச்சதா வச்சுக்க. அந்த செல்ஃப் ரீசெட்டைப் போட்டுடாதே. பிச்சமுத்துக்கு நாளு பாத்து முடியல, பாதியில விட முடியாது. வள்ளிக்கண்ணு நேத்தே மறுபடி மறந்துடுச்சு. மறக்காத நாள்லயும் ஒரு முழம் பூவோட வந்து, இன்னைக்கு மறக்கல மாமான்னு சொல்லிட்டுத்தான் போவுது.

இன்னொண்ணு. கவர் ஒட்டறதுக்கு முன்னாடி என் கணக்குக்குள்ள போகலாம்னு பாத்தேன். தப்புத் தப்பா அமுக்கிட்டேன், பூட்டிக்கிச்சு. எப்படி அமுக்கினேன்னு கேக்காதே. 'உங்கள் நிர்வாகியைத் தொடர்பு கொள்ளவும்'னு வருது. நிர்வாகியே நான்தான், என்னை நானே எங்க போயித் தொடர்பு கொள்ளறது? எனக்கு மேல இருக்கற நிர்வாகி நீ ஒருத்தன். அடுத்த வெள்ளிக்கிழமை முகூர்த்தநாள், வாசல்ல ஆளு வரும், அதுக்குள்ள நீதான் மாத்திக் குடுக்கணும். மெசேஜ்ல அனுப்பிடாதே. கட்டைவிரலும் ஆகாது. வாயாலதான் சொல்லணும், நீ போட்ட சட்டம். மெதுவாச் சொல்லு, நாய்க்குட்டி, கயித்துக்கட்டில் எல்லாம் நான் திருப்பிச் சொல்லிச் சரிபாக்கணும்.

அதுக்கு முன்னாடி, பேசறது உங்கப்பனேதானான்னு உறுதி பண்ணிக்க. பொண்டாட்டி பேரு என்னன்னு கேளு. நான் வள்ளிக்கண்ணு மாதிரி சுத்தி வளைக்க மாட்டேன். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு. சத்தமாவே சொல்றேன். நீ கேளு.